கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்த வேண்டும்

அப்பாவை இரண்டு மாதம் யார் வைத்துக்கொள்வது என்று கேட்பதற்காகத்தான் பெரியவள் அந்தப் பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தாள். வெட்கக்கேடு என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். கூடப் பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு எவனோ கட்டிய மாளிகை வேண்டியிருந்தது.

பின்னே என்னதான் செய்வாள்? வீட்டுக்குக் கூப்பிட்டால் அண்ணன் கார் என்ஜினை அணைக்காமலே நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். ஓட்டலுக்குக் கூப்பிட்டால் சாப்பாடு மேசைக்கு வருவதற்குள் சின்னவளுக்குத் தலைவலி வந்துவிடும். கடைக்குட்டி போனையே எடுக்கமாட்டான். மறுநாள் சாவகாசமாகக் கூப்பிட்டு, "சைலண்ட்ல இருந்துச்சுக்கா" என்பான். அவன் போன் கடையிலிருந்து வரும்போதே சைலண்டில்தான் வந்தது போலிருக்கிறது.

பெரியவளுக்கு வயிற்றில் கட்டி. எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். எடுத்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். அப்பாவோ தூக்கி உட்கார வைத்தால் உட்காருவார், தூக்கிப் படுக்க வைத்தால் படுப்பார். ஞாபகமும் போய்ப் போய் வருகிற ஆள். அம்மா போனதிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பதெல்லாம் அவள் ஒருத்திதான். கல்யாணம் ஆகாதவள் என்பதால் அது அவள் தலையில் தானாக விழுந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. மற்ற மூவரும் நைசாக நழுவிய பிறகு மிச்சம் இருந்தது அவள்தான்.

அந்த மாளிகையில் குடும்பத்துக்கென்று தனியாகச் சுற்றிக் காட்டுகிறார்கள், வெளி ஆட்கள் இருக்கமாட்டார்கள், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத்தான் போகமுடியும், நடுவில் கழன்றுகொள்ள வழியில்லை என்று யாரோ சொன்னதும் அவளுக்குப் பொறி தட்டியது. அப்பா பிறந்த நாள் என்று சாக்குச் சொன்னாள். அண்ணனுக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர். சின்னவளுக்குப் பூ. கடைக்குட்டிக்குப் படம் எடுக்க இடம். மூன்று பேரும் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள், அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களில் ஒருமுறைகூட நடக்காத அதிசயம்.

சுற்றிக் காட்ட வந்த கைடம்மா ஒல்லியான, உரத்த குரல்காரி. இடுப்பில் சாவிக்கொத்து.

"இங்க எல்லாமே பழைய பூட்டுங்க. இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கும். நான் முன்னாடி திறந்துட்டே போவேன். உங்கள்ல கடைசியா வர்றவங்க கதவ இழுத்துச் சாத்திட்டு வந்துடணும். காத்தும் வெயிலும் பட்டா சாமானெல்லாம் பாழாயிடும். அது ஒண்ணுதான் நான் உங்ககிட்ட கேக்கறது."

"அதுக்கென்ன, தாராளமா" என்றான் அண்ணன். உடனே பெரியவள் கையிலிருந்த சக்கர நாற்காலியின் பிடியைத் தட்டிப் பறித்துக்கொண்டான். "விடு விடு. இன்னிக்காவது நான் தள்றேன்."

"பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றாள் கைடம்மா.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு வேட்டைக்காரன் போடுவதுபோல் ஒரு தொப்பி வாங்கி வந்திருந்தான், அதையும் அங்கேயே தலையில் மாட்டிவிட்டான். அப்பா தொப்பிக்குள்ளிருந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பெரியவள் வெறுங்கையோடு பின்னால் நடந்தாள். கதவு சாத்துகிற வேலை அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தது.

முதல் கூடத்தில் சுவர் முழுக்கப் படங்கள். மாளிகையைக் கட்டியவர், அவர் மகன், மகனின் மகன். எல்லோருக்கும் ஒரே மூக்கு. அடுத்தது சாப்பாட்டு அறை. இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்காத அளவு நீண்ட மேசை. அண்ணன் மரம் என்ன மரம், தளம் என்ன கல் என்று கைடம்மாவுக்கே பாடம் எடுத்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் நாற்காலியை இரண்டு முறை மேசைக் காலில் இடித்தான். அப்பா ஒவ்வொரு தடவையும் மேசையைப் பார்த்து "மன்னிச்சுக்கங்க" என்றார்.

புத்தக அறைக்கு வந்ததும் கைடம்மா அடுத்த கதவின் பூட்டோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். சாவி சிக்கிக்கொண்டது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பெரியவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஆபரேஷன் நாள் குறிச்சாச்சு. அப்பாவ ரெண்டு மாசம் யாராவது வச்சுக்கணும். அதக் கேக்கத்தான் எல்லாரையும் வரச் சொன்னேன்."

மூன்று முகத்திலும் ஈயாடவில்லை.

"இதெல்லாம் பேசற இடமா இது?" என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

"பேசற இடம் எதுன்னு நீ சொல்லு. நான் அங்க வர்றேன்."

"எங்க வீட்டுல மாடிப்படி ஏறணுமேம்மா. உனக்குத் தெரியாததா?"

"கீழ ஒரு ரூம் சும்மாதானே இருக்கு?"

"சும்மாவா? உங்க அண்ணி அதுலதான் பாட்டு கிளாஸ் எடுக்கறா. பசங்க வந்து போற இடத்துல அப்பாவ எப்படி..."

சின்னவள் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா அப்பாவ இந்த நிலைமைல தினம் பாத்தா என்னால தாங்கிக்க முடியாது. உனக்கு மனசு கெட்டி. நான் அப்படி இல்ல."

"எங்க பில்டிங்ல லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணுதுக்கா" என்றான் கடைக்குட்டி, கேட்பதற்கு முன்பே.

"வேற டாக்டரப் பாத்தியா? எதுக்கெடுத்தாலும் கத்தி வைக்கறவங்கதான் இப்ப எல்லாரும்." இது மறுபடியும் சின்னவள்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?" என்றான் அண்ணன். "உனக்கென்ன, புள்ளையா குட்டியா? நீ நினைச்சா எப்ப வேணா பண்ணிக்கலாம்."

கட்டி அவளுக்காகக் காத்திருக்குமா, அதற்கும் புள்ளை குட்டி இல்லையா என்று பெரியவள் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டிய நேரத்தில் அவளுக்கு நாக்கு எழும்பியதே இல்லை.

அப்பா இதெல்லாம் காதில் விழாமல் தலையை அண்ணாந்து அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவையும் யாருங்க படிச்சது?"

"யாரும் படிக்கலைங்க ஐயா" என்றாள் கைடம்மா, சாவியைத் திருப்பிக்கொண்டே. "அழகுக்கு அடுக்கினது. பாதி வெறும் அட்டைதான்."

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கதவும் திறந்துகொண்டது. மூன்று பேரும் நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து வெளியேறுகிறவர்களைப் போல அடுத்த அறைக்குப் பாய்ந்தார்கள்.

அதுதான் கடைசி அறை. தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல், ஒரு கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பிரம்புக் கூடை, கூடைக்குள் நைந்துபோன மெத்தை.

"இது நாய்க்கு" என்றாள் கைடம்மா. "இந்த வீட்டோட கடைசி முதலாளி வளர்த்தது. வயசாகி அதுக்குக் கண்ணு தெரியாம போச்சு. மாடியேற முடியல. ராத்திரில தனியா இருந்தா ஊளையிடும். அதுக்காக அவரு மாடில இருந்த தன்னோட கட்டிலையே கீழ கொண்டுவந்து போடச் சொல்லிட்டாரு. அது சாகற வரைக்கும் அவரு தூங்கினது இங்கதான். கையக் கூடைக்குள்ள தொங்க விட்டுக்கிட்டே தூங்குவாராம்."

"ஐயோ!" என்றாள் சின்னவள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பாத்தியாண்ணா? ஒரு வாயில்லா ஜீவனுக்காக! அந்தக் காலத்து மனுஷங்க மனுஷங்கதான்."

அண்ணனும் உச்சுக்கொட்டினான். நாற்காலியை ஜன்னலோரம் ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு, கூடைப் பக்கம் குனிந்து நின்றான். "இப்ப யாருங்க இதெல்லாம் செய்யறாங்க?" என்று கைடம்மாவிடம் கேட்டான்.

இதைச் சொல்லும்போது எனக்கே கை பரபரக்கிறது. பெரியவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

"அதோட சமாதி தோட்டத்துல இருக்கு, வாங்க காட்டறேன்" என்று கைடம்மா தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னாலேயே போனாள். அண்ணனுக்கு போன் அடித்தது, காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். கடைக்குட்டி அறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுத்தான். கட்டில், கூடை, ஜன்னல், ஜன்னலோரத்து அப்பா என்று எல்லாமே அதில் விழுந்திருக்கும். எடுத்து முடித்து அவனும் இறங்கிப் போய்விட்டான்.

தோட்டத்து வாசலில் பெரியவள் நின்றாள், கை கதவின் குமிழில். உள்ளே அப்பா தொப்பியோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மூன்று முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு முதுகாவது திரும்பட்டும் என்று அவள் காத்திருந்தாள். அண்ணன் போனில் சிரித்தான். சின்னவள் ஏதோ பூவின் பெயர் கேட்டாள். அடிவயிற்றில் கட்டி இருந்த இடத்திலிருந்தே ஒரு ஆத்திரம் கிளம்பி அவள் கைக்கு வந்தது.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். அது தானாகப் பூட்டிக்கொண்டது.

நாயின் சமாதி வரைக்கும்தான், அதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். 'அப்பா எங்க?' அவ்வளவுதான். கேட்டவுடனே கைடம்மாவிடம் சாவி வாங்கி ஓடிப்போய்க் கூட்டிவருவாள். கேட்டவர் அதற்காக அப்பாவை வைத்துக்கொள்ளக்கூட வேண்டாம், அவள் எப்படியாவது சமாளித்துக்கொள்வாள்.

சமாதியில் கல்லில் வெட்டிய நாயின் பெயரை அண்ணன் வாய்விட்டுப் படித்தான். சின்னவள் உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து அதன்மேல் வைத்தாள். யாரும் கேட்கவில்லை. சரி, ரோஜாத் தோட்டம் வரைக்கும் என்று பெரியவள் கெடுவைத் தள்ளிப் போட்டாள். ரோஜாக்களும் முடிந்தன. பிறகு குளம். குளத்தில் தாமரை இருந்ததா அல்லியா என்று அண்ணனும் சின்னவளும் வாக்குவாதம் செய்தார்கள். நின்ற இடத்திலிருந்து அந்த ஜன்னல் தெரிந்தது. கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருப்பது தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குளத்தங்கரையில் ஒரு நொடி அவளுக்கே சுகமாக இருந்தது. கையில் பிடி இல்லை, முன்னால் சக்கரம் இல்லை, டயப்பர் நனைந்திருக்குமோ என்ற நினைப்பு இல்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் வெறுமனே ஆடின. மரங்கள் இவ்வளவு உயரமா என்று பார்த்தாள். பார்த்த மறுநொடியே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனால் அப்போதும் அவள் திரும்பிப் போகவில்லை. கேட்கட்டும், அவர்கள்தான் கேட்கட்டும் என்ற வீம்பு காலைக் கட்டிப் போட்டது.

"ஒரு குரூப் போட்டோ எடுத்துடலாம்" என்றான் கடைக்குட்டி. நீரூற்றுக்கு முன்னால் எல்லாரும் நின்றார்கள். அண்ணன் நடுவில். சின்னவள் பெரியவளின் தோளில் கை போட்டுக்கொண்டாள், புத்தக அறையில் ஒன்றுமே நடக்காததுபோல. கைடம்மா போனை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம் இருக்கோம். மொத்தக் குடும்பமும் ஆஜர்" என்றான் அண்ணன். "எடுங்க."

அவள் எடுத்தாள். எடுத்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு கேட்டாள்: "ஐயா வேணாங்களா போட்டோல?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "நீ தள்ளிட்டு வரல?" "நீதானே வச்சிருந்தே?" "அக்காகிட்ட இல்ல?" என்று பந்து மூவருக்குள்ளும் உருண்டு கடைசியில் வழக்கம்போல் பெரியவளின் காலடியில் வந்து நின்றது. கைடம்மா அதற்குள் சாவிக்கொத்தை அவிழ்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தாள்.

அப்பா அதே ஜன்னலோரத்தில்தான் இருந்தார். பிரேக் போட்ட நாற்காலி எங்கே நகரும்? எட்டி எட்டிப் பார்த்ததில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார். தொப்பி தரையில் கிடந்தது. கால்சட்டை நனைந்து, கீழே ஈரம் கட்டியிருந்தது. கதவு திறந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"நான் ஒண்ணும் தொடலைங்க" என்றார். "உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். தொடவேயில்லைங்க."

சின்னவள் "அப்பா!" என்று கத்திக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டாள். ஈரம் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"கதவ யாரு சாத்தினது?" என்றான் அண்ணன்.

"கடைசியா வந்தது நான்தான்" என்றாள் பெரியவள்.

"உள்ள அப்பா இருக்கறது தெரியலையா உனக்கு? கண்ணு என்ன..."

"தெரியும்."

பெரியவள் குனிந்து தரையில் கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினாள்.

"தெரிஞ்சுதான் சாத்தினேன். உங்கள்ல ஒருத்தராவது அப்பா எங்கன்னு கேப்பீங்களான்னு பாத்தேன். சமாதிகிட்ட பாத்தேன். குளத்துகிட்ட பாத்தேன். நாய்க்கு அழுதீங்க. அப்பாவ மட்டும் யாரும் கேக்கல."

அவள் நினைத்தது, இதைக் கேட்டதும் அவர்கள் தலை குனிவார்கள் என்று. எங்கே குனிவது! ஒரே வினாடிதான் மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். அடுத்த வினாடி அந்த வெட்கம் அப்படியே ஆவேசமாகத் திரும்பிக்கொண்டது. குற்றவாளி கண்ணெதிரே நிற்கிறாள், ஒப்புக்கொண்டும் விட்டாள். இனி அவர்களுக்கு என்ன குறை?

"நீ மனுஷியா?" என்றான் அண்ணன். "பெத்த அப்பாவ வச்சுப் பரீட்சையா? நாங்களாவது மறந்துட்டோம். நீ தெரிஞ்சே பூட்டிட்டு வந்திருக்கே!"

"வீட்டுலயும் இப்படித்தான் பூட்டி வைக்கறியாக்கா?" என்று சின்னவள் விசும்பினாள். "எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க உன்ன நம்பித்தானே விட்டோம்."

கடைக்குட்டி அதை ஆமோதிப்பதுபோல் தலையை ஆட்டினான். அவன் ஆட்டியதுதான் பெரியவளுக்கு மிகவும் வலித்தது. அவனையும் அவள்தான் தூக்கி வளர்த்தாள்.

"போதும்" என்றான் அண்ணன். "இனிமே ஒரு நிமிஷம் அப்பா உன்கிட்ட இருக்கக் கூடாது. ரெண்டு மாசம் என்ன ரெண்டு மாசம், நான் கூட்டிட்டுப் போறேன். இப்பவே. பாட்டு கிளாஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ போய் உன் ஆபரேஷனப் பண்ணிக்க. என் வீட்டு வாசப்படி மட்டும் மிதிக்காத."

பார்த்தீர்களா, கேட்டது கிடைத்துவிட்டது. கெஞ்சியபோது கிடைக்காதது, பாவி என்று பெயர் எடுத்ததும் கைமேல் கிடைத்தது. பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"ராத்திரி மாத்திரையப் பொடி பண்ணித்தான் கொடுக்கணும்" என்றாள். "சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உக்கார வைக்கணும், இல்லன்னா புரையேறும்."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்." அண்ணன் அப்பாவின் ஈரக் கால்சட்டையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இத மட்டும் நீ மாத்தி விட்டுடு. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

மாளிகை ஆட்களின் கழிவறையில் அவள் அப்பாவைத் துடைத்து, நாற்காலிப் பையிலிருந்த மாற்று உடையைப் போட்டுவிட்டாள். கைகள் பழகிய வேலையைப் பழகியபடி செய்தன. அப்பா கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்?" என்று கேட்டார். அவள் குனிந்து பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அவரைத் தூக்கி அண்ணனின் காரில் உட்கார வைத்ததும் அவள்தான். அந்த வேலையும் முடியட்டும் என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். பெல்ட்டை மாட்டி, கார் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது அப்பா ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்தார். அண்ணன் ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டுவிட்டான். அப்பா குரலைத் தாழ்த்தினார், வண்டி ஓட்டுகிறவனுக்குக் கேட்கக் கூடாதாம்.

"அம்மா, உங்களப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது. ஒரு உதவி பண்ணுங்க. இவங்க யாருன்னு எனக்குத் தெரியல. என்ன எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு கொஞ்சம் கேட்டு வச்சுக்கங்க. என் பொண்ணு இப்ப வந்துடுவா. நான் இங்க இல்லன்னா பதறிப் போயிடுவா."

"கேட்டு வச்சுக்கறேன்" என்றாள் பெரியவள். "வந்தா சொல்லிடறேன்."

அண்ணன் அவள் பக்கம் பார்க்காமலே ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். அப்பா கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.